நாலுக்கு ஒன்று

எனக்குத் தெரிந்த ஒரே படிப்பு
பாய்லர்தான், டாக்டரம்மா.
பாடாங் செராய்க்கு வெளியே
செம்பனை மில்லில் பதினோரு வருஷம்.
விறகில்லை, டீசலில்லை.
பழத்தைப் பிழிந்த பிறகு மிஞ்சும்
நாரும் கொட்டை ஓடும்தான் அதற்குத் தீனி.
ஓடு கூடினால் அடியில் கட்டி பிடிக்கும்.
நார் கூடினால் புகை கறுக்கும்,
புகை கறுத்தால் மேனேஜர் கத்துவார்.

மூன்று மருந்தையும் தாண்டி
லோஷினிக்கு வலிப்பு வந்தபோது
தாளில் கோடு போட்டுக் காட்டினீர்கள்:
சர்க்கரை வராத நாளில்
ஈரல் கொழுப்பை உடைக்கும்,
உடைந்தது மூளைக்கு ஏறும்,
கீட்டோன் என்று பெயர்.
விமலேஸ்வரி அழுதாள்.
எனக்குப் புரிந்தது.
தீனியை மாற்றச் சொல்கிறீர்கள்.

நாலு பங்கு கொழுப்பு,
மற்றதெல்லாம் சேர்த்து ஒரு பங்கு.
நகைக்கடைத் தராசு ஒன்று வாங்கினோம்,
அறுபத்தெட்டு ரிங்கிட்.
அதில் வெண்ணெய் உட்கார்ந்தது,
முட்டையின் மஞ்சள் உட்கார்ந்தது,
கட்டித் தேங்காய்ப்பால் சொட்டுச் சொட்டாய் இறங்கியது.
சோறு ஏறவில்லை.
மைலோ ஏறவில்லை.

தாடிகாவில் யாருக்கோ பிறந்தநாள்.
கேக்கைத் திருப்பிக் கொடுத்துவிட்டு
பலூனோடு வந்தாள், ஐந்து வயதில்.
நூலில் கொஞ்சம் கிரீம் ஒட்டியிருந்தது.
துடைத்தோம்.

காலையில் சிறுநீரில் நனைக்கும் குச்சி
வெளிறினால் நாங்களும் வெளிறுவோம்.
கத்தரிப்பூ நிறம் வந்தால்
விமலேஸ்வரி வானொலியைப் போடுவாள்.

நோட்டில் ஒரு நாளுக்குப் பதினாறு கோடு இருந்தது.
மூன்றாம் மாதம் ஐந்து.
நேற்று இரண்டு.
நின்றுவிட்டது என்று பொய் சொல்ல மாட்டேன்,
இரண்டு.

அவள் மூச்சில் இப்போது ஒரு வாசம்,
நகப்பூச்சு அழிக்கும் தண்ணீர் மாதிரி,
கனிந்து வெடித்த பழம் மாதிரி.
ராத்திரி ஷிப்ட் முடிந்து வந்து
இருட்டில் குனிந்து முகர்ந்து பார்ப்பேன்,
உலை எரிகிறதா என்று.

இன்னொன்றும் சொல்லணும்.
போன வாரம் ஆளில்லை,
இரண்டு ஷிப்ட் சேர்த்துப் பார்த்தேன்.
கேண்டீனும் மூடிக் கிடந்தது. வெறும் தண்ணீர்.
வீட்டுக்கு வந்து, யாரும் பார்க்காதபோது
அவள் குச்சியில் ஒன்றை நானும் நனைத்தேன்.
விலை தெரியும். விமலேஸ்வரியிடம் சொல்லாதீர்கள்.

இளஞ்சிவப்பு.
லேசாகத்தான்.

தோட்டத்தை விற்று எங்களைக் கிளப்பிய வருஷம்
எனக்கு ஒன்பது வயது.
மூன்று நாள் அடுப்பு பற்றவில்லை.
அப்போதும் உள்ளே ஏதோ
விடாமல் எரிந்துகொண்டுதான் இருந்திருக்கிறது.
பசி என்று நினைத்துக்கொண்டோம்.
அதைத் தராசில் வைத்துப் பார்க்க
யாரும் வரவில்லை.

சரி, அது போகட்டும்.
இன்றைக்கு வெண்ணெய் பதினெட்டு கிராம்.
தட்டில் ஒட்டியதையும் வழித்துக் கொடுக்கச் சொன்னீர்கள்,
கொடுத்தேன்.
விரலில் மிஞ்சியதை நான் நக்கவில்லை, டாக்டரம்மா.
அதுவும் அவள் கணக்கு.