பத்தொன்பது நாள்

கெட்டரிங் படகுத்துறையில்
கார்களை வரிசையாக ஏற்றி
புரூனித் தீவுக்கு அனுப்புவது என் வேலை.
இருபது நிமிடக் கடல்.
யாரிடமும் ஒன்றும் கேட்பதில்லை,
கைப்பிரேக் போட்டாயிற்றா என்பதைத் தவிர.

குடிவரவுத் துறை லேலாவிடம் கேட்டிருக்கிறது:
எங்கே சந்தித்தீர்கள், யார் முதலில் பேசியது,
வீட்டுச் செலவை எப்படிப் பிரித்துக்கொள்கிறீர்கள்,
இந்த உறவு உண்மையானதா.
உண்மை
ஐந்து மெகாபைட்டுக்குள் இருக்க வேண்டுமாம்.

இருநூற்றுப் பதினொரு பக்கம் ஏற்றினோம்.
குட்டாயிசிச் சந்தையில்
ஒரே குடைக்குள் நாங்கள் நனைகிற படம்.
பல் மருத்துவர் ரசீது. விமானச் சீட்டுத் துண்டுகள்.
சண்டை போட்ட இரவின் செய்திகளை
எடுத்துவிடலாம் என்றேன்.
விடு, அதுதான் நம்புகிற மாதிரி இருக்கிறது என்றாள்.

சாட்சிப் பத்திரத்தில் மெர்வ் எழுதினான்,
முப்பது வருடம் வடம் பிடித்த கையெழுத்தில்:
"சாயங்காலம் ஆறு மணிக்கு இவன்
போனை எடுத்துக்கொண்டு படகின் பின்பக்கம் போவான்.
திரும்பி வந்து கயிற்றைத் தப்பாகக் கட்டுவான்.
இதற்கு மேல் எனக்குத் தெரியாது."

என் ஆறு மணி அவளுக்குப் பகல் பதினொன்று.
போன செவ்வாய் அந்த நேரத்தில்
மருத்துவர் அவள் வயிற்றில் கருவியை வைத்தார்.
கடல் இரைச்சலுக்கு நடுவே
ஒரு காதைப் பொத்திக்கொண்டு கேட்டேன்.
இரண்டு நொடி தாமதம்.
அங்கே துடித்து முடித்துவிட்ட துடிப்பைத்தான்
இங்கே நான் வாய்பிளந்து கேட்டுக்கொண்டிருந்தேன்.

பிறகு அந்தக் கடிதம்.
விண்ணப்பதாரர் மார்பு எக்ஸ்ரே எடுக்க வேண்டும்.
மருத்துவர் சொன்னார்: பிள்ளை பெற்ற பிறகு.
துறை சொன்னது: சரி, பிள்ளை பெற்ற பிறகு.
முதல் தடவையாக
எல்லாரும் ஒரே வார்த்தையில் நிற்கிறார்கள்.
காசநோய் இல்லையென்று காட்டவேண்டிய நெஞ்சுக்குக் கீழே
ஒரு குட்டி நெஞ்சு குறுக்கே படுத்திருக்கிறது.

அவள் பிறந்தால் என் நாட்டுக் குடிமகள்.
ஒரு படிவம், ஒரு கட்டணம்,
கண் திறந்தபடி ஒரு புகைப்படம்.
மகள் வரலாம் போகலாம்.
பால் மட்டும் வரிசையில் நிற்கும்.

எனக்கோ அவள் நாட்டில் ஒரு முத்திரை போதும்.
சென்ற முறை அந்த அதிகாரி
கொட்டாவியை முடிக்கக்கூட இல்லை;
டப்பென்று ஓராண்டு கொடுத்துவிட்டார்.
வெளியே நின்றிருந்த லேலா
அதைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்தாள்.
எந்தக் கோப்பிலும் ஏற்ற முடியாத சிரிப்பு.

ஓராண்டு அங்கேயே இருந்துவிடலாம்தான்.
விசாக் கட்டணத்துக்கு வாங்கிய கடன்
இந்தப் படகில்தான் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைகிறது.

மிச்சம் பத்தொன்பது நாள் விடுப்பு.
டிசம்பர் இரண்டாம் வாரம் என்கிறார்கள்.
முன்னால் போனால் பிள்ளை தாமதித்துவிடலாம்,
பின்னால் போனால் என்னை முந்திவிடலாம்.
நாட்காட்டியின் மேல் பத்தொன்பது தீக்குச்சி அடுக்கி
முன்னும் பின்னும் நகர்த்திப் பார்க்கிறேன்.
போக வர நான்கு குச்சி.
பதினைந்து.

திரையில் அதைப் பார்த்துக்கொண்டிருந்தவள்
ஆப்பிளைக் கடித்தபடி சொன்னாள்:
"பெற்றுக்கொள்வதை நான் பார்த்துக்கொள்கிறேன்.
அதற்கு வேண்டிய ஆட்கள் இங்கே இருக்கிறார்கள்.
எக்ஸ்ரே அறைக்குள் பிள்ளையைக் கொண்டுபோக முடியாது.
அன்றைக்கு வா.
வெளியே நின்று அவளை வைத்திருக்க
எனக்கு வேறு யாரும் வேண்டாம்."

நான் ஒன்றும் சொல்லவில்லை.
அவள் மென்று முடிக்கும் வரை பார்த்திருந்தேன்.
பிறகு குச்சிகளை ஒவ்வொன்றாக
ஜனவரிக்கு நகர்த்தினேன்.

ஒன்று உருண்டு மேசைக்கடியில் விழுந்தது.
மண்டியிட்டுத் தேடினேன்.