வகை: தெரியவில்லை

மன்னார்சாமி கோயில் தெரு, ஜெராக்ஸ் கடை மாடி.
ஞாயிறு பத்து மணிக்கு நாங்கள் நாலு பேர்,
ஒரு மேசைவிளக்கு, இரண்டு பூதக்கண்ணாடி.
கஃபூர் வாங்கிவரும் சமோசாவின் எண்ணெய்
படங்களைத் தொடாதிருக்க
நடுவில் விரித்த தினத்தாள்.

பெரம்பூரில் காலிசெய்த ஒரு ரயில்வே வீடு
எடைக்குப் போட்ட ஆல்பத்தில் கிடைத்தது அந்தப் படம்.
உள்ளங்கை அகலம்.
பின்னால் பென்சிலில்: எண்ணூர், 43.
மாதம் இருந்த இடத்தைக் கரப்பான் தின்றிருந்தது.

மணல்மேல் மூக்கைத் தூக்கி ஒரு போர்விமானம்.
பக்கத்தில் வானம் பார்த்து ஒரு பீரங்கி.
தூரத்தில் சவுக்கு. ஆள் இல்லை.

ஹரிக்கேன் என்றேன் நான்,
முதுகின் கூனைப் பார்த்ததும்.
டெரன்ஸ் ஒத்துக்கொள்ளவில்லை.
தாடை கனம், இது கிட்டிஹாக் என்றார்.
அந்தப் பெட்டி வயிற்றில் இருக்கிறதா தாடையில் இருக்கிறதா
என்பதில் ஒரு ஞாயிறு போயிற்று.
நாகபூஷணம் ஸ்கேல் வைத்துச் சக்கரத்தை அளந்தார்.
எந்த நாட்டுக்கும் பொருந்தாத சக்கரம்.

பீரங்கியில் மட்டும் சண்டை இல்லை.
போஃபர்ஸ், நாற்பது மில்லிமீட்டர்.
குழலைச் சுற்றி வளையம் வளையமாய்
உதைப்பை வாங்கும் சுருள்வில் தெரிகிறதே.

பெங்களூரில் ஓய்வுபெற்ற ஒரு ஸ்குவாட்ரன் லீடருக்கு அனுப்பினோம்.
பெரிதாக்கி அனுப்புங்கள் என்றார்.
பெரிதாக்கினோம்.
புள்ளிகள்தான் பெரிதாயின.

ஒன்றை நான் முதலிலேயே பார்த்தேன், சொல்லவில்லை.
மணலில் இறக்கையின் நிழல்
பாய் விரித்ததுபோல் கோடுகோடாய் இருந்தது.
அலை அரித்த மணல் என்று
எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.
ஹரிக்கேன் என்று சொல்லியாயிற்று அல்லவா.

நாலாவது ஞாயிறு
கல்மண்டபம் பந்தல் காண்ட்ராக்டர் கன்னிகா
ஏணியைத் திருப்பிக் கேட்டு மாடியேறி வந்தார்.
ஃபேன் மாட்ட வாங்கியது, மாதம் ஆகிறது.
திட்டப்போனவர் மேசையைப் பார்த்து நின்றார்.

"இன்னாபா இது, யார் கட்டுனது?"

விமானம் என்றோம், நாலு குரலில்.

"ப்ளேனா? பந்தல்பா.
வால்கிட்ட பாரு, மூங்கி நுனிய அறுக்காம உட்டுகிறான்.
இந்தாண்ட எட்டுக் கட்டு, நாங்க போடறதுதான்.
அந்தாண்ட வேற ஆளு. தொய்யுது பாரு."

டெரன்ஸ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
துடைக்க அதில் ஒன்றுமில்லை.

மூங்கில், தார்த்துணி, மேலே ஒரு பூச்சு.
பறக்க அல்ல,
பறந்து வருகிறவன் கண்ணில் பட.
எங்கோ மரநிழலில் நின்ற நிஜங்களுக்கு விழவேண்டிய குண்டை
வாங்கிக்கொள்ள.
பிறகு நாங்களே பீரங்கியைப் பார்த்தோம்,
யாரும் சொல்லாமல்.
சுருள்வில் இல்லை.
மட்டை விழுந்த தழும்புகள்.
கறுப்படித்த தென்னை.

கன்னிகா அதற்குள் கணக்குப் போட்டுவிட்டார்.
மூங்கில் முப்பத்தாறு, கயிறு நாலு கட்டு,
ஆறு ஆள், ரெண்டு நாள்.
"எண்ணூர் காத்துக்கு நிக்காதே இது.
கட்டுனவனுக்குக் காசு குடுத்தானுங்களா?"

படத்தைத் திருப்பிக் காட்டினோம்.
பென்சில் எழுத்தைப் பார்த்தார், கரப்பான் ஓட்டையைப் பார்த்தார்.
"அப்ப பாக்கிதான்" என்று
ஏணியைத் தோளில் சாய்த்து இறங்கினார்.
திருப்பத்தில் அது சுவரில் இடித்த சத்தம்
கீழ்ப்படி வரை கேட்டது.

எங்கள் பதிவேட்டில் கட்டங்கள் உண்டு.
தயாரிப்பு. எஞ்சின். ஆயுதம். விழுந்த தேதி.
நாகபூஷணம் பேனாவைத் திறந்து வைத்திருந்தார்.
மை காய்ந்தது.

சாயங்காலம் கல்மண்டபம் வழியாக நடந்தேன்.
யார் வீட்டுக் கல்யாணமோ, தெருவை அடைத்துப் பந்தல்.
மேலே ஏறி ஒருவன் கால்விரலால் கயிற்றைப் பிடித்து
முடிச்சை இறுக்கிக்கொண்டிருந்தான்.
அடுக்காத நாற்காலிகள்மேல்
கோடுகோடாய் வெயில்.
நிமிர்ந்து பார்த்தபடி நின்றுவிட்டேன் போல.

"மாப்ள வூடா?" என்றார்
சந்தனத் தட்டோடு ஒருவர்.

ஆமாம் என்றேன்.