நிகர எடை

பாடாங் செராயில்
பெட்ரோல் நிலையத்துக்கு எதிரே ஆ ஹுவாட் கோப்பிக்கடை.
மின்விசிறி எட்டாத மேசை.
இந்தப் பருவத்தின் சிறந்த பதினொருவரை
இங்கேதான் எழுதுகிறோம்,
நாலு இலக்க எண் எழுதும் தாளின் பின்பக்கத்தில்.

நான் தேர்வாளன் இல்லை.
கோட்டோரம் கொடி பிடித்து ஓடுகிறவன்.
பகலில் செம்பனை ஆலையில் எடைமேடை எழுத்தன்.
வரவேண்டியவரின் மனைவிக்குப் பிரசவ வலி.
"நீ உட்காரு, சந்தனசாமி" என்றார்கள்.
உட்கார்ந்தேன்.

ஆறு கல்லூரிகள், முப்பது ஆட்டங்கள்.
முன்வரிசை முதல் கோப்பி ஆறுவதற்குள் முடிந்தது.
ஐடில், பதினாறு கோல். யாரும் வாய் திறக்கவில்லை.
நடுவில் வெய் ஜியே:
அவன் காலுக்குப் போன பந்து
வங்கியில் போட்ட பணம்.
வலது ஓரம் ரூபேந்திரன்,
ஓடும்போது சட்டை மட்டும் பின்னால் வரும்.

இடது தற்காப்புக்கு
பயிற்றுநர் ரொஸ்லான் ஒரு பெயர் சொன்னார்.
தன் அக்காள் மகன் என்பதைச் சொல்லவில்லை.
நாங்களும் கேட்கவில்லை.
நன்றாகத்தான் ஆடினான்,
அதுதான் சங்கடம்.

கடைசியாகக் கோல் காவலன்.
வெற்றிக் கிண்ணக் கல்லூரியின் பையனை
எழுதியே விட்டார் பூன் கியாட்.
பருவம் முழுக்க நான்கே கோல் விட்டவன்.
அவன் கையுறையை நான் பார்த்திருக்கிறேன்,
கடையில் தொங்கியபோது இருந்த வெள்ளை.

துவனேஷ், என்றேன்.

"யார், கடைசி இடத்துக் கல்லூரியா?
நாற்பத்து மூன்று கோல் வாங்கிய அணியா?"
ரொஸ்லான் சிரித்ததில்
பக்கத்து மேசைக் கிழவர் நாளிதழை இறக்கிப் பார்த்தார்.

எனக்குப் பேச வராது. லாரியைச் சொன்னேன்.
ஆலைக்கு வரும் லாரி இரண்டு முறை மேடை ஏறும்.
குலையோடு ஒரு முறை,
கொட்டிவிட்டு வெறுமனே ஒரு முறை.
கழித்தால் வருவதுதான் சரக்கு.
மற்றதெல்லாம் இரும்பு, டயர்,
ஓட்டுநரின் தொப்பை.

துவனேஷ் நின்றது ஒன்பது ஆட்டம், இருபத்தொன்பது கோல்.
சுங்கை கோப் சாலையில்
மோட்டார் சைக்கிள் சங்கிலி அறுந்து
அவன் வராமல் போன ஒரே மாலையில்
பதினான்கு.
அன்று கோட்டோரம் நான்தான்.
பந்து வலைக்குள் போகும்போதெல்லாம்
அந்தக் கல்லூரிப் பிள்ளைகள்
சாலையைத் திரும்பிப் பார்த்தார்கள்.

பூன் கியாட்டின் கரண்டி கண்ணாடிக் குவளையில் நின்றது.
ரொஸ்லான் விரல்விட்டு எண்ணினார்.
பேசியது மலாயில்.
கழிப்பதற்கு அவர்கள் சொல் 'தோலாக்'.
தள்ளுவதற்கும் அதே சொல்.
வேண்டாம் என்று மறுப்பதற்கும்.
துவனேஷ் விரல்நுனியால் பந்தைக் கம்பத்துக்கு மேலே
ஒன்பது ஆட்டமும் செய்தது ஒரு தோலாக்.
இந்த மேசையில் நடக்கப்போவது
இன்னொன்று.

"கணக்கு சரிதான்," என்றார் பூன் கியாட்,
"ஆனால் பரிசுத் தட்டில் கழித்தல் குறி பொறிக்க முடியாது."
இரண்டுக்கு ஒன்று.
பன்னிரண்டாவது பெயராகப் போட்டுக்கொள் என்றார்கள்.
பேனா அந்த இடத்தில் தீர்ந்தது.
பென்சிலால் எழுதினேன்.
கோப்பிக்கு ரொஸ்லான் பணம் கொடுத்தார்,
ஏழு வெள்ளி இருபது காசு.

மறுநாள் காலை, மூன்றாவது லாரி.
குலைமேட்டின் உச்சியில் உட்கார்ந்து வருகிறான் துவனேஷ்.
கல்லூரி விடுமுறை, குலை ஏற்றும் வேலை.
விரல்களில் முள் குத்திய கறுப்புப் புள்ளிகள்.
"பசியாறிட்டீங்களாண்ணே?
பேர் எல்லாம் எழுதியாச்சாமே?"

சட்டைப்பையில் தாள் மடிந்து கிடக்கிறது.

எண்பலகை பதினோராயிரத்து நானூற்றுச் சொச்சத்தில்
துடித்துக்கொண்டிருக்கிறது.
"இறங்கு தம்பி, எடை தப்பா காட்டும்."
குதித்தான்.
மேடைக்கு வெளியே, செம்மண்ணில், இரண்டு காலும் சேர்ந்து விழ.

பலகையில் அறுபது கிலோ குறைந்தது.
சீட்டில் பதிய
அதற்குக் கட்டம் இல்லை.
பின்னால் நான்காவது லாரி ஹாரன் அடிக்கிறது.