அலகு

உளவியலில் தொடங்கி, நரம்பியலில் வழி தவறி,
மானுடவியலில் கரை ஒதுங்கிய ஆய்வு.
சின்னப்பாலத்தில் ஸ்டாப்வாட்ச்சை மறைத்துக்கொண்டு கேட்டேன்:
ஒரு நிமிடம் ஆனதும் சொல்லுங்கள்.

முப்பத்தெட்டாம் நொடியில்
முத்திருளாயி கையை உயர்த்திவிட்டாள்.
"அதுக்கு மேல தாங்காது."
மூச்சை அடக்கியிருந்தாள் என்பது
அப்போதுதான் தெரிந்தது.

மரிக்கொழுந்துப் பாசி பிய்த்த விரல்களில்
துணிச்சுற்று, இன்னும் ஈரம்.
மூச்சு விட்டுக்கொண்டே எண்ணலாமே என்றேன்.
சிரித்தாள்.
"அப்ப எதை வச்சு எண்ண?"

பதினேழாம் கேள்வி:
காத்திருக்கும்போது நேரம் நகர்வது
மெதுவாகவா, வேகமாகவா, வழக்கம்போலவா?
அவள் தகர டப்பாவைத் திறந்து மூடினாள்.
பக்கத்தில் இருந்தவள்தான் சொன்னாள்,
படகோடு புருஷனைப் பிடித்துப்போய்
யாழ்ப்பாணத்தில் வைத்திருப்பதை.
"மூணு வாய்தா ஆச்சு."

வாய்தா.
என் அலகுப் பட்டியலில்
நொடி இருக்கிறது, நாள் இருக்கிறது,
'பிற' என்றொரு கட்டம்கூட
இருக்கிறது.

நீவாடு மாறியதும் எழுந்து போனாள்,
பதினெட்டாம் கேள்வியை
வாசிக்க விடாமல்.

ராமநாதபுரம் பேருந்து
பாம்பன் பாலத்தில் ஏறும்போது
மூச்சைப் பிடித்தேன்.
பாதிப் பாலம்கூட வரவில்லை.