ஐந்து போதவில்லை

நெப்ராஸ்காவின் மேற்கு ஓரத்தில்
காற்றுக்கு மட்டும் என்றும் பஞ்சமில்லை.

பன்னிரண்டு அடிக் கோல்,
நுனியில் ஒரு ரப்பர் உறிஞ்சி.
காலை ஐந்தரைக்கு ஹாலிஸ் போன் செய்வார்.
நலமா என்றுகூடக் கேட்க மாட்டார்:
"பதினோரு சென்ட் ஏத்து, வெர்னா."

ஏற்றினேன்.
ஐந்து டாலர் ஐம்பத்தைந்து.
பலகைக்கு இரண்டு முகம், ஆறு ஐந்துகள் வேண்டும்.
பெட்டியில் நான்குதான் இருந்தன.
பலகை செய்தவன் இவ்வளவு தூரம் யோசித்திருக்கவில்லை.
மேற்கு முகத்தில் இரண்டு இரண்டுகளைப்
புறம் திருப்பி ஒட்டினேன்.
நெடுஞ்சாலையிலிருந்து பார்த்தால் ஐந்து மாதிரிதான்.
கிட்டே வந்தால்
எழுதப் பழகும் பிள்ளை தப்பாகப் போட்டது மாதிரி.

கடைசியில் குட்டியாக இருக்கிறதே
அந்தப் பத்தில் ஒன்பது சென்ட்,
அது மட்டும் பெயிண்ட்.
சண்டை வந்தாலும் நின்றாலும்
அதை யாரும் தொடுவதில்லை.

லோவெல் பிரான்ட்ல் வண்டியை நிறுத்துமுன்பே
வாஷிங்டனைத் திட்டத் தொடங்கிவிடுவார்.
அவர் மருமகனுக்கு எல்லாமே வெளிநாட்டுச் சதி.
பாதிரியார் நம் பேராசை என்றார்,
எட்டு சிலிண்டர் வண்டியில் சாய்ந்துகொண்டு.
வயோமிங் நம்பர் பிளேட்காரன் ஒருவன்
கோலும் கையுமாக என்னைப் படம் எடுத்தான்.
"நீதானே ஏத்துனே, கண்ணால பார்த்தேன்."

எண்ணை ஏற்றியது நான்.
எண்ணெயை ஏற்றியது யார்?

எய்தவன் இருக்க அம்பை நோவானேன் என்பார்கள்.
சரி என்று எய்தவனைத் தேடினேன்.
ஹாலிஸ் கணக்கு நோட்டைத் திறந்து காட்டினார்:
காலனுக்கு ஏழு சென்ட், அவர் பிழைப்பே டோனட்டில்.
டேங்கர் ஓட்டுகிற டெல்மர் டெப்போவைக் கைகாட்டினான்.
டெப்போவில் போனை எடுத்தவள்
ஆலையில் கேளுங்கள் என்றாள்.
ஆலையில் ஒரு இயந்திரம்
என் அழைப்பு அவர்களுக்கு மிக முக்கியம் என்றது,
இருபத்திரண்டு நிமிடம்
இசையோடு.
எல்லோர் முதுகிலும் இறகு.
எல்லோரும் அம்பு.

வெள்ளிக்கிழமை யோலி வந்தாள்,
வீடு வீடாகப் போய்ப் புண்ணுக்குக் கட்டுப் போடும் நர்ஸ்.
அவளுடைய கடைசி நோயாளி
நாற்பத்தாறு மைல் தள்ளி.
பதினெட்டு டாலர் நாற்பது சென்ட்,
நாற்பதும் சில்லறையாக.
யாரையும் திட்டவில்லை.
ரசீது மட்டும் கேட்டாள்,
அதை மடித்து
வெயில் மறைப்புக்குப் பின்னால் செருகினாள்.
அங்கே ஏற்கனவே ஒரு கட்டு இருந்தது.

அவளிடம் சொல்லியிருக்கலாம்.

தினமும் கடை மூடுமுன்
தரைக்கடித் தொட்டியில் அளவுக் குச்சியை இறக்குவேன்.
அன்று காலையும் இறக்கினேன்,
முப்பத்தோரு அங்குலம்.
அந்த முப்பத்தோரு அங்குலமும்
முந்தின வாரம் வந்தது, முந்தின வார விலைக்கு.
ரசீதில் கையெழுத்துப் போட்டவள் நான்தான்.
பழைய பெட்ரோலைக் கீழே வைத்துக்கொண்டு
புது எண்ணை மேலே ஒட்டியவளும்.
ஹாலிஸிடம் கேட்டால்
அடுத்த லோடுக்குப் பணம் எங்கே போவேன் என்பார்.
அதுவும் பொய்யில்லை.
இறங்கும்போது மட்டும்
அவர் ஐந்தரைக்குக் கூப்பிடுவதில்லை.
ஒரு சென்ட், இரண்டு சென்ட்,
மத்தியானத்துக்கு மேல், ஞாபகம் வந்தால்.

அன்றிரவு காற்று மேற்கு முகத்தில்
ஒரு தகட்டைப் பிய்த்துக்கொண்டு போனது.
புறம் திருப்பிய இரண்டில் ஒன்று.
டார்ச்சை எடுத்துக்கொண்டு
வாய்க்கால் புல்லில் தேடிக்கொண்டிருந்தேன்.

ஒரு கார் வேகம் குறைந்து ஓரம் கட்டியது.
கண்ணாடி இறங்கியது. யோலி.
பலகையை அண்ணாந்து பார்த்தாள்,
நடுவில் ஓட்டை விழுந்த விலையை.

"குறைஞ்சிருக்கா?"

"இல்ல. காத்து."

ம் என்றாள்.
கொஞ்ச நேரம் இருவரும் பேசவில்லை,
காற்றுச் சத்தம் மட்டும்.
பிறகுதான் கவனித்தேன்,
இதைக் கேட்கக்கூட அவள்
என்ஜினை அணைத்திருந்தாள்.