எழுதிய தடவை: இரண்டு

மன்னார்குடி பைபாஸில் ஒரு தகரக் கொட்டகை.
மடிக்கணினியைச் செருகி
நாற்பது நிமிடத்தில்
என் டீசல் காருக்கு
முப்பது குதிரை கூட்டினான் அன்வர்தீன்.
"வாரண்டி?"
"சர்வீஸுக்கு முந்தின நாள் வாங்கண்ணே,
பழசையே ஏத்திடலாம்."

மூன்று மாதம்
எந்த பஸ்ஸுக்குப் பின்னாலும் நான் போகவில்லை.
நீடாமங்கலம் கேட் திறந்த நொடி
டர்போ ஊளையிட்டது.
வெள்ளைப் புகை.
இழுவை வண்டி வருமுன்
அன்வர்தீன் பைக்கில் வந்து
பழசை ஏற்றிவிட்டுப் போனான்.

தஞ்சாவூர் சர்வீஸ் சென்டரில்
பிரிசில்லா திரையைத் திருப்பினாள்.
நிரல் எழுதிய தடவை: இரண்டு.
"நாங்க ஒரு தடவைகூட எழுதலையே சார்."
கீழே, தொண்ணூற்றாறாயிரம்.

நான் பாசனத் துறை லஸ்கர்.
முறைத் தண்ணீர் விடும் நாட்களில்
யாராவது ராத்திரி ஷட்டரை
நாலு திருகு ஏற்றுவார்கள்,
விடியுமுன்
பழைய குறிக்கே இறக்கிவிடுவார்கள்.
குறி சரியாகத்தான் இருக்கும்.
நான் குறியைப் பார்ப்பதில்லை.
கீழ்வாய்க்கால் சுவரில்
காயாத ஈரம் எதுவரை என்று பார்ப்பேன்.

"யார் சார் எழுதினது?"

செருப்பைப் பார்த்தபடி,
அவர்கள் என்னிடம் சொல்லும் அதே குரலில்
சொன்னேன்:
"தெரியலீங்களே."