ஒண்ணுமில்ல சார்

மகால் ஐந்தாம் தெருவிலிருந்து ஒரு புகார்:
'வேகம் சரி. சத்தத்தில் உயிரில்லை.'
உயிருக்கு எங்கள் படிவத்தில் கட்டம் கிடையாது.
'இதர' என்று டிக் அடித்துக்கொண்டு போனேன்.

துளசிராம், நூல் வியாபாரி.
இரண்டு விரலால் உருட்டிப் பார்த்தே
எண்பதா நூறா என்று நம்பர் சொல்லிவிடுகிறவர்.
மாடி அறையில் இரண்டு ஸ்பீக்கர், என் உயரத்துக்கு.
மேசைமேல் வெல்வெட் பெட்டி,
பெட்டிக்குள் சுருண்டு படுத்திருந்தது
வெள்ளி இழை ஓடும் லேன் கேபிள்.
ஒன்றரை மீட்டர்.
பதினெட்டாயிரம்.
என் பையில் இருந்த நீலக் கேபிள்
மீட்டர் பதினாறு ரூபாய். அதற்கும் பில் உண்டு.

'இழை மட்டமென்றால் சேலை நிற்குமா தம்பி?'

பூவை அனுப்பினால் வாடும் சார், என்றேன்.
மாட்டுத்தாவணியில் ஏற்றிய மல்லிகை
சென்னை போய் இறங்கும்போது பாதி மல்லிகைதான்.
இதில் வருவது பூ இல்லை.
'மல்லிகை, மூணு கிலோ' என்று எழுதிய சீட்டு.
சீட்டு எந்த லாரியில் வந்தால் என்ன?
கிழிந்து வந்தால் இன்னொன்று கேட்டு வாங்கிக்கொள்ளும்.
அங்கே போய்ப் படித்த பிறகுதான் பூக்கும்.

'எழுதின கை நடுங்கியிருந்தா?' என்றார்.
லேசுப்பட்ட ஆள் இல்லை.

எழுந்துபோய் ஃபேனை நிறுத்தினார்.
சித்திரை வெயில், ஓட்டுக்குப் பதில் தளம்,
பனியன் முதுகோடு ஒட்டிக்கொண்டது.
'வெள்ளியைப் போட்டா ஃபேன் போடமாட்டேன்.'
நீலத்தைப் போட்டால்?
'அதுக்கு எதுக்கு நிறுத்தணும்?'

இன்றைக்கு இரண்டுக்குமே நிறுத்துவோம் என்றேன்.
கண்ணைக் கட்டிக்கொண்டார், துண்டால்.
நாதஸ்வரம். தோடி. ஆலாபனை மட்டும்.
நான் முதுகுப் பக்கம் மண்டியிட்டு
மாற்றி மாற்றிச் செருகினேன்.
சிலசமயம் கழற்றி அதையே செருகினேன்.
பத்தில் ஐந்து சரியாகச் சொன்னார்.
பூவா தலையா போட்டிருந்தாலும் அந்த ஐந்து வந்திருக்கும்.

பதினோராவது தடவை
கை வியர்த்து, கிளிப் வழுக்கி,
இரண்டு கேபிளும் இரண்டு கையில் இருந்தன.
சுவரில் வெறும் ஓட்டை.
பாட்டு நிற்கவில்லை.
பெட்டி முன்கூட்டியே வாங்கி வைத்திருந்த எட்டு நொடி
அதுபாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது.

'இது! இதுதான்! அசையாதே,' என்று
கையைத் தூக்கினார் துளசிராம்.
மேலே ஏறிப்போன ஒரு சுரம்
இறங்க மனசில்லாமல் நின்றது.
வாசிக்கிறவர் மூச்சு இழுத்தது
எனக்கும் கேட்டது. சத்தியமாகக் கேட்டது.
ஏழு என்று எண்ணும்போது
கையில் அகப்பட்டதைச் செருகிவிட்டேன்.

துண்டை அவிழ்த்தார். கண் சிவந்திருந்தது,
வியர்வையா வேறெதுவுமா தெரியவில்லை.
'கடைசியா போட்டது எது?'

'ஒண்ணுமில்ல சார்.'

'அட, சும்மா சொல்லுப்பா.'

'ஒண்ணுமில்ல சார், நிஜமா.'

கூச்சப்படுகிறேன் என்று நினைத்து
மோர் கொடுத்தார். ஃபேனைப் போட்டார்.
சர்வீஸ் சார்ஜ் முந்நூறு, கையெழுத்து, தேதி,
'புகார் தீர்ந்தது' கட்டத்தில் ஒரு டிக்.

விளக்குத்தூண் சிக்னலில் நிற்கும்போதுதான்
பைக்குள் கையை விட்டுப் பார்த்தேன்.
என் நீலக் கேபிளைக் காணோம்.